டைம் ஆபீஸ் சாட்சி

இங்க உக்காருங்கம்மா. அந்த பெஞ்சு வேண்டாம், அதுக்குக் கால் ஆடும். பையை மடியில வெச்சுக்கோங்க. உங்களுக்கு என்ன கேஸ்? ஜீவனாம்சமா. சரி சரி. அழாதீங்க. இங்க யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க, எல்லாருக்கும் அவங்கவங்க கேஸ் கட்டுதான் கவலை.

நானா? நான் சாட்சி.

கோர்ட்டுப் படி ஏறுறது இது ரெண்டாவது தடவை. போன மாசம் வந்தேன், ஜட்ஜு லீவுன்னு அனுப்பிட்டாங்க. ஆனா சாட்சி சொல்றது எனக்குப் புதுசில்ல, பாத்துக்கோங்க. எங்க சபையில மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை சாட்சி வேளைன்னு ஒண்ணு உண்டு. யார் வேணாலும் எந்திரிச்சு, ஆண்டவர் எனக்கு இன்னது செஞ்சார்னு சொல்லலாம். நான் எந்திரிக்காத மாசமே கிடையாது. எங்க பாஸ்டர் சொல்லுவார், வாயால சொல்றது பெருசில்ல, வேலை பாக்குற இடத்துல சாட்சியா வாழ்ந்து காட்டணும், நம்மளப் பாத்துத்தான் மத்தவங்க ஆண்டவரைத் தெரிஞ்சுக்கணும்னு. நான் அப்படித்தான் வாழ்ந்தேன். இருபத்தோரு வருஷம். ஒரே கம்பெனி. நீங்க யாரை வேணாலும் கேளுங்க.

திருப்பூர்ல பனியன் கம்பெனி. எக்ஸ்போர்ட். நான் டைம் ஆபீஸ்ல இருக்கேன். கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் வலது பக்கம் ஒரு சின்ன ரூம், அதுக்கு ஒரு ஜன்னல். யார் எத்தனை மணிக்கு வந்தா, யார் போனா, யாருக்கு லீவு, யாருக்கு ஒன்றரை ஷிப்டு, எல்லாம் என் கையிலதான். ஜெபகனி அக்கா சொன்னா சரியா இருக்கும்னு ஒரு பேரு. அந்தப் பேரைச் சும்மா வாங்கல. வீட்டுக்காரர் செத்து, நாலு வயசுப் பிள்ளயக் கையில பிடிச்சிட்டு சாத்தான்குளத்துல இருந்து வந்தவ நான். எனக்குன்னு இருந்ததே அந்தப் பேரு ஒண்ணுதான்.

என் வாயில பொய் வராதும்மா. பெருமைக்குச் சொல்லல. ஒரு தடவை கட்டிங் சூப்பர்வைசர் ஒருத்தர், அவர் மச்சினன் வராத நாளுக்கெல்லாம் வந்ததா கார்டு போட்டுக்கிட்டே இருந்தார். மேனேஜர் சம்பத் சார் என்கிட்ட வந்து கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அன்னிக்கே ரெண்டு பேரையும் நிறுத்திட்டாங்க. அந்த சூப்பர்வைசர் சம்சாரம் கைப்பிள்ளயோட வந்து கேட்டுல நின்னு அழுதா. நான் அவளுக்காக ஜெபம் பண்ணினேன். வேற என்ன செய்ய முடியும்? கேட்டாங்க, சொன்னேன்.

வெளிநாட்டுல இருந்து ஆடிட்டுக்கு ஆளுங்க வருவாங்க. எத்தனை மணி நேரம் வேலை வாங்குறீங்க, ராத்திரி நிறுத்தி வெக்கிறீங்களான்னு கேப்பாங்க. அதுக்கு முந்தின நாளே சம்பத் சார் வந்து, "ஜெபகனி, நாளைக்கு நீங்க லீவு எடுத்துக்கங்க"ம்பார். நான் இருந்தா உள்ளதைச் சொல்லிருவேன்னு அவருக்குத் தெரியும். அவ்வளவு மரியாதை என் மேல. அன்னிக்கு நான் சபைக்குப் போயி உபவாச ஜெபத்துல உக்காந்திருவேன்.

அந்தப் பக்கம் டீக்கடையில வெள்ளைச் சட்டையில நாலு பேரு நிக்கிறாங்க. திரும்பிப் பாக்காதீங்க. எதிர்த்தரப்பு ஆளுங்க அவங்கதான். ஜாமீன்ல இருக்காங்க. காலையில நான் ஆட்டோவுல வந்து இறங்குனதும் அதுல சின்னவன் ஓடி வந்து, சாப்பிட்டீங்களாக்கான்னு கேட்டான். வாசல்ல வேப்பமரத்தடியில தனியா ஒருத்தன் உக்காந்திருக்கான் பாருங்க, தாடியோட. அவன்தான் புருஷன். தினகரன். அவன் என்கிட்ட ஒண்ணும் கேக்கல. என்னைப் பாக்கவும் இல்ல.

போன வருஷம் ஜூன் மாசம் அந்தப் பிள்ள எங்க கம்பெனிக்கு வந்தா. மேகலான்னு பேரு. இருபது வயசு. செக்கிங்ல சேத்தாங்க. முதல் நாளே எனக்குத் தெரிஞ்சிருச்சு, ஓடி வந்து கல்யாணம் பண்ணவன்னு. மஞ்சக் கயிறு புதுசு, அதை ஜாக்கெட்டுக்குள்ள போட்டு மேல ஷாலைச் சுத்தியிருந்தா. அவன் ஆளு வேற, இவ ஆளு வேற. அது அவ சொல்லல, பிள்ளைங்க பேசிக்கிட்டாங்க. தினம் அவன்தான் வண்டியில கொண்டுவந்து விடுவான். அவ உள்ள போயி, என் ஜன்னலைத் தாண்டி, படி ஏறுற வரைக்கும் ரோட்டுலயே நிப்பான். சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் வந்து நிப்பான். அவன் வர்றதுக்கு முன்னால அவ கேட்டைத் தாண்ட மாட்டா. பின் கேட்டு வழியாத்தான் போவா. முன் கேட்டு மெயின் ரோட்டுல இருக்குல்ல, அதான்.

ரோட்டுப் பக்க ஜன்னல்கிட்ட டேபிள் குடுத்தாங்க, வேண்டாம்னுட்டா. வெளிச்சம் இல்லாத மூலையில போயி உக்காந்துக்கிட்டா. செக்கிங் பண்றவளுக்கு வெளிச்சம் வேணுமேன்னு சூப்பர்வைசர் சத்தம் போட்டார். அவ எடத்தை விட்டு எந்திரிக்கல. வேன் ஏதாவது ஹாரன் அடிச்சா அவ கையில இருக்குற துணி நழுவிக் கீழ விழும். பிள்ளைங்க சிரிப்பாங்க.

மத்தியானம் நாங்க நாலஞ்சு பேரு என் ரூம்ல சாப்பிட்டு, பத்து நிமிஷம் ஜெபம் பண்ணுவோம். ரெண்டாவது வாரம் அவளும் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு வந்தா. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நான் கூப்பிடவே இல்ல, தானா வந்தா. கண்ணை மூட மாட்டா. நாங்க ஜெபம் பண்றப்ப கதவையே பாத்துட்டு இருப்பா. ஒரு நாள் கேட்டா, "அக்கா, உங்க சாமி இங்க இருந்து கேட்டாலும் கேக்குமா, கோயிலுக்குப் போகணுமா?" நான் சொன்னேன், எங்க இருந்து கேட்டாலும் கேக்கும்மா. அந்த மாசச் சாட்சியில எந்திரிச்சு அதைத்தான் சொன்னேன். என் வேலை ஸ்தலத்துல ஒரு ஆத்துமா வெளிச்சத்தைத் தேடுதுன்னு. சபையே கை தட்டுச்சு.

ஆகஸ்ட்ல ஒரு புதன்கிழமை. பதினொரு மணி இருக்கும். வெள்ளைக் கலர் கார் வந்து நின்னுச்சு. மூணு பேரு இறங்குனாங்க, ஒருத்தன் ஸ்டியரிங்லயே இருந்துக்கிட்டான். நல்லா மரியாதையான ஆளுங்க. சட்டை மடிப்புக் கலையாம, நெத்தியில விபூதி வெச்சு, செருப்பைக் கூட கேட்டுக்கு வெளியில விட்டுட்டு வந்தாங்க. கம்பெனிக்கு எவன் செருப்பைக் கழட்டுவான் சொல்லுங்க. அதுல பெரியவன்தான் அண்ணன். கையில ஆப்பிள் பை.

வாட்ச்மேன் பொன்னுச்சாமி அண்ணன்கிட்ட கேட்டாங்க, மேகலான்னு ஒரு பிள்ள இங்க வேலை செய்யுதான்னு. அவர் யோசிக்கவே இல்ல. அப்படி யாரும் இங்க இல்லீங்கன்னார். சட்டுன்னு. அந்தாளு குடிகாரர், பாத்துக்கோங்க, அவருக்குப் பொய் தண்ணி குடிக்கிற மாதிரி. அவங்க நல்லா விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கோம்னாங்க. இல்லீங்க, பக்கத்துக் கம்பெனியில கேளுங்கன்னு கேட்டைச் சாத்தப் போனார். அப்ப அந்த அண்ணன்காரன் நிமிந்து ஜன்னல்ல என்னைப் பாத்தான். என் மேசையில பைபிள் வசனம் ஒட்டியிருக்கும், அதையும் பாத்தான்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. எங்கம்மாவுக்கு முடியல. பாப்பாவப் பாக்கணும்னு அழுவுது. இங்கதான இருக்கு?"

நான் சொன்னேன், "இருக்கா தம்பி. செக்கிங்ல இருக்கா."

பொன்னுச்சாமி அண்ணன் திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தார்.

எத்தனை மணிக்கு விடுவீங்கன்னு கேட்டான். இன்னிக்கு ஒன்றரை ஷிப்டு இல்ல, அஞ்சரைக்குன்னேன். இந்தக் கேட்டுலதானான்னு கேட்டான். இல்ல, அவ பின் கேட்டுலதான் போவான்னேன். உள்ள கூப்பிட்டு விடவான்னு நானே கேட்டேன். வேண்டாம்க்கா, வேலையைக் கெடுக்க வேண்டாம், பயந்துக்கும், வந்தோம்னு சொல்ல வேண்டாம்னான். கும்பிட்டுட்டுப் போனாங்க. ஆப்பிள்ல ரெண்டு எடுத்து ஜன்னல்ல வெச்சுட்டுப் போனான்.

மத்தியானம் அவ சாப்பிட வந்தா. சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்களே, அதனால நான் ஒண்ணும் சொல்லல. அவ அன்னிக்குக் கொஞ்சம் சந்தோஷமா இருந்தா. புருஷனுக்கு அவன் வேலை பாக்குற இடத்து ஓனர், சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு லைன் வீடு பாத்துக் குடுத்திருக்காராம். அவ பாக்ஸ்ல இருந்து எனக்குக் கத்திரிக்கா வெச்சா.

அஞ்சே முக்காலுக்கு அந்தப் பையன் தினகரன் ஓடி வந்தான். வண்டி பஞ்சராம், கால் மணி நேரம் பிந்திட்டான். அக்கா, மேகலா இன்னும் இறங்கலையான்னான். நான் சொன்னேன், அவங்க வீட்டு ஆளுங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்கப்பா, அம்மாவுக்கு முடியலையாம்னு. பெல் அடிச்சதும் நான் மாடி ஏறிப் போயி ஜன்னல்ல இருந்து பாத்தேன் பின் கேட்டுல. புருஷன் வந்திருப்பான்னு நெனச்சு அவ கேட்டைத் தாண்டியிருப்பா. அவ கத்தல. அவ கத்துனதா நான் கேக்கல. காருக்குப் பின் கதவு திறந்திருந்துச்சு, ரெண்டு பேரு ரெண்டு பக்கம் நின்னாங்க, ஏறுனா. செருப்பு ஒண்ணு ரோட்டுல கெடந்துச்சு, அவசரத்துல போனவளுக்குக் கழண்டிருக்கும். அந்தப் பையன் நான் சொன்னதைக் கேட்டுட்டு அப்படியே தரையில உக்காந்துட்டான். யாருக்கா சொன்னது, அவ இங்க இருக்கான்னு யாருக்கா சொன்னதுன்னு திருப்பித் திருப்பிக் கேட்டான். நான்தான் சொன்னேன்னேன். மறைக்கல.

நாலாம் நாள். அவங்க வீட்டுத் தோட்டத்துக் கெணத்துல மேகலா விழுந்து செத்துட்டான்னு செய்தி வந்துச்சு. வெக்கத்துல விழுந்துட்டாளாம். போலீஸுக்குச் சொல்லாமலே எரிச்சிட்டாங்க. அவங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருந்திருக்கா. இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கா.

குடிக்கிறீங்களா தண்ணி? நீங்க குடிக்கலன்னா நான் குடிச்சுக்கிறேன்.

நான் மூணு நாள் உபவாசம் இருந்தேன். என் மனசுல ஒண்ணும் குத்தம் இல்ல, இருந்தாலும் இருந்தேன். என் மக பியூலா பெங்களூர்ல நர்ஸா இருக்கா. போன்ல அவகிட்ட எல்லாம் சொன்னேன். ஒரு பொய் சொல்லியிருக்கலாமேம்மான்னா. நான் வளத்த பிள்ள, என்கிட்ட கேக்குற கேள்வியா அது? அதுக்கப்புறம் அவ ஞாயித்துக்கிழமை போன் பண்றதை நிறுத்திட்டா. வேலை ஜாஸ்தியாம்.

அந்தப் பையன் புகார் குடுத்து, போலீஸ் வந்து கேட்டாங்க. வந்தாங்க, கேட்டாங்க, சொன்னேன்னு எழுதிக் குடுத்தேன். எல்லாம் உண்மை. பொன்னுச்சாமி அண்ணன் செய்தி வந்த அடுத்த நாளே வேலையை விட்டுட்டுப் போயிட்டார், சம்மன் குடுக்க ஆளையே கண்டுபிடிக்க முடியலையாம். என் பக்கத்துல நின்ன ஆபீஸ் பிள்ளைங்க எதுவும் தெரியாதுன்னுட்டாங்க. ஆக, அவங்க வந்து கேட்டதுக்கு நான் ஒருத்திதான் சாட்சி.

சம்பத் சார் கூப்பிட்டு, கம்பெனி பேரு கெடாம பாத்துக்கங்கன்னார். லீவு வேணும்னா எடுத்துக்கங்கன்னார். கோர்ட்டுக்கு லீவு எப்படி எடுக்க, சொல்லுங்க.

போன வாரம் அவங்க என் வீட்டுக்கு வந்தாங்க. சாயங்காலம் விளக்கு வெக்கிற நேரம். அண்ணன்காரனும் இன்னொருத்தனும். வீடு எப்படித் தெரியும்னு நான் கேக்கல. மறுபடியும் செருப்பைக் கழட்டி வெளிய விட்டுட்டு வந்தாங்க. பியூலா போட்டோவைப் பாத்தான். மக பெங்களூர்ல எந்த ஆஸ்பத்திரிலக்கா இருக்குன்னு கேட்டான். சொன்னேன். அப்புறம் அவன் சொன்னதை அப்படியே சொல்றேன்.

"அக்கா, உங்கள நாங்க பொய் சொல்லச் சொல்ல மாட்டோம். உங்கள மாதிரி ஆளைப் பாக்க முடியாது. நாங்க என்ன கேட்டோமோ, நீங்க என்ன சொன்னீங்களோ, அதை மட்டும் சொல்லுங்க. எங்களுக்கு அது போதும்."

உண்மைதான சொல்லச் சொல்றான்? அவங்க வக்கீல் கூட அதைத்தான் சொல்றாராம். மரியாதையா வந்தாங்க, அம்மாவுக்கு முடியலன்னு சொன்னாங்க, பிள்ள ஏறிப் போச்சு, அடிக்கல, இழுக்கல, டைம் ஆபீஸ் அம்மாவே பாத்திருக்காங்க, அவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு ஊருக்கே தெரியும்னு. அவ பயந்துட்டு இருந்தாங்கிறதுக்கு எங்க சாட்சின்னு கேக்குறாராம். அந்தப் பையன் கூண்டுல ஏறிச் சொல்லியிருக்கான், டைம் ஆபீஸ் அக்காகிட்ட மேகலா எல்லாம் சொல்லியிருந்தான்னு. செத்தவ சொன்னதா புருஷன் சொல்றது செல்லாதுன்னு அந்த வக்கீல் எந்திரிச்சுட்டாராம்.

என்ன கேட்டீங்க?

இல்ல, நீங்க கேட்டது சரிதான். அந்தப் பிள்ள என்கிட்ட ஏதாவது சொல்லுச்சான்னு. இதுவரைக்கும் என்கிட்ட யாரும் அதைக் கேக்கல. போலீஸ்காரரும் கேக்கல. எழுதிக்கிட்டே போயிட்டார்.

சொன்னா. ஜூலை மாசம், ஜெபம் முடிஞ்சு எல்லாரும் எந்திரிச்சுப் போனப்புறம், என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அக்கா, என் அண்ணன் என்னைத் தேடிட்டு வருவான். வந்தா மரியாதையாத்தான் பேசுவான். அம்மாவுக்கு முடியலம்பான். கூட்டிட்டுப் போனா என்னை உயிரோட விட மாட்டான். நான் இங்க இல்லன்னு மட்டும் சொல்லிருங்கக்கா. உங்களைத்தான் நம்பியிருக்கேன்"னா. வாட்ச்மேன்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தா போல. பெல் அடிக்கப் போற நேரம். நான் சரிம்மா, பயப்படாத, நான் பாத்துக்கிறேன்னேன். தலையில கை வெச்சு ஜெபம் பண்ணி அனுப்பினேன்.

அன்னிக்கு ஜன்னல்ல அவன் கேட்டப்ப அது எனக்கு ஞாபகம் வரல.

வந்துச்சு. உங்ககிட்ட ஏன் மறைக்கணும், வந்துச்சு. ஆனா அந்தக் குடிகாரர் என் கண்ணு முன்னாலேயே பொய் சொல்றார், மூணு பேரும் என் முகத்தையே பாக்குறாங்க, பின்னால ஆபீஸ் பிள்ளைங்க நிக்கிறாங்க. இருபத்தோரு வருஷமா ஜெபகனி பொய் சொல்ல மாட்டான்னு இருக்குற பேரு. அதோட, ஓடி வந்த பிள்ள, பெத்தவகிட்ட போனா நல்லதுதானேன்னும் நெனச்சேன். மத்தியானம் அவ கத்திரிக்கா வெச்சப்பவாவது சொல்லியிருக்கலாம். அவ முகத்தைப் பாத்தேன். சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டாங்களேன்னு இருந்துட்டேன்.

இதை நான் அங்க ஏறிச் சொன்னேன்னு வெச்சுக்கோங்க. அப்ப தெரிஞ்சுதான் சொன்னியான்னு கேப்பாங்க. ஜட்ஜு கேப்பார். அந்தப் பையன் கேப்பான். சபையில கேப்பாங்க. சொல்லலன்னா, அவங்க நாலு பேரும் வீட்டுக்குப் போயிருவாங்க. பியூலா ஆஸ்பத்திரி பேரு வேற அவனுக்குத் தெரியும்.

ஆனா ஒண்ணும்மா. கேட்டா சொல்லிருவேன். கேக்குற கேள்விக்கு இதுவரைக்கும் நான் பொய் சொன்னதில்ல. கேக்காததைச் சொல்லாம இருக்குறது பொய் ஆகாதுல்ல? நம்ம பக்கத்து சர்க்கார் வக்கீல் போன வாரம்தான் மாறி வந்திருக்கார். சின்ன வயசு. காலையில நின்னுக்கிட்டே என் வாக்குமூலத்தைப் படிச்சார், ரெண்டு நிமிஷம் இருக்கும். எழுதுனதை அப்படியே சொல்லிருங்க போதும்னுட்டுப் போயிட்டார். மத்த பேப்பரெல்லாம் படிச்சாரா இல்லையான்னு தெரியல.

டவாலி கூப்பிடுறார். என் பேருதான். மூணு தடவை கூப்பிடுவாங்களாம். அந்தப் பையன் எந்திரிச்சுட்டான் பாருங்க. இப்ப என்னைப் பாக்குறான்.

இந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் வெச்சிருங்க. உங்களுக்கு ஜெபம் பண்ற பழக்கம் இருக்கா? இல்லன்னா பரவாயில்ல, உங்க சாமிகிட்டயே சொல்லுங்க. எனக்காக ஒரு நிமிஷம். நீங்க கேட்ட அந்தக் கேள்வியை மட்டும் அவங்க கேட்டுறக் கூடாதுன்னு.